களாப் பக்கங்கள்

இறக்காமம்
2023 ஆகஸ்ட் 20

அன்புள்ள மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால்காரர் கடதாசியை நீட்டினதும் "ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களோ" என்று உன் உம்மா பதறியிருப்பா. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று முதலில் அவவிடம் சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

போன கிழமை உன்னோடு போனில் கதைத்துவிட்டு வைத்த பிறகு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாவல் எப்பிடிப் போகுது?" என்று கேட்டேன். "நல்லாப் போகுதுகா" என்றாய். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்கு வந்து நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் கிடந்த காலத்திலும் இதைத்தான் சொன்னாய். அதற்குப் பிறகு எனக்குக் கலியாணம் நடந்து, இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவன் பாலர் பாடசாலையையும் தாண்டிவிட்டான். உன் நாவல் இன்னும் நல்லாப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.

அதனால் ஒரு சட்டம் போடுகிறேன். இனி நாவலைப் பற்றிப் போனில் கதை இல்லை. கடதாசியில் எழுது. வட்ஸ்அப்பில் பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுத்துவிடலாம். கடதாசியில் பொய் சொல்வதென்றால் ஒரு பக்கமாவது எழுதவேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்ல உனக்குப் பஞ்சி, சோம்பேறி நீ.

கிழமைக்குப் பத்துப் பக்கம் என்று மனதில் நிய்யத்து வை. விடுபடுகிறதெல்லாம் களா. நோன்பில் நமக்கு விடுபடுகிற நாட்களை என்ன செய்கிறோம்? அடுத்த நோன்புக்குள் ஒன்றொன்றாய்ப் பிடித்துத் தீர்க்கிறோமா இல்லையா? ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. ஆனாலும் இன்னும் எத்தனை கிடக்கிறது என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவோம். பக்கத்துக்கும் அதே கணக்குத்தான். அடுத்த றமழான் பிறை தெரிவதற்குள் களா எல்லாம் தீர்ந்து நாவல் முடியவேண்டும்.

எனக்கும் ஒரு நிய்யத்து இருக்கிறது. பள்ளிக்கூட அதிபர் சேவைப் பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதப்போகிறேன். இரண்டு தடவை விழுந்தது அல்லாஹ்வுக்கும் உனக்கும் என் வீட்டுக்காரர் பஸாலுக்கும்தான் தெரியும். இன்னொன்று, காலையில் குளக்கட்டில் நடக்கப்போகிறேன். உடம்பு பெருத்துக்கொண்டு போகிறது.

பதில் எழுது. பெருவிரல் வேண்டாம்.

ஜெனூபா


மருதமுனை
2023 செப்டம்பர் 7

அன்பின் ஜெனூபா,

வஅலைக்குமுஸ்ஸலாம். கணக்கு டீச்சரிடமே கணக்குக் கேட்கிறாய். சரி, சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு இருபது பக்கம் எழுதவேண்டும். மூன்று எழுதினேன். அதில் ஒன்றைக் கிழித்துப்போட்டேன்.

காரணம் கேட்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு மேசையில் இருக்கிறேன். ஒரு வசனம் எழுதுவேன். உம்மா கூப்பிடுவா: "மகள், சும்மாதானே இருக்கிறாய், இந்தத் தேங்காயை ஒருக்காத் துருவித் தா." துருவிக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த வசனம் வேறு யாரோ எழுதினது போலக் கிடக்கும். அடித்துவிட்டு இன்னொன்று எழுதுவேன். அடுத்த வீட்டு றாஹிலா மாமி வந்து கதவடியில் நிற்பா. "என்னகா எழுதுற?" என்பா. நாவல் என்று சொன்னால் "அல்லாஹ் காப்பாத்தணும்" என்பா. எதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெளியில் போனால் அது வேறு கூத்து. நேற்றுக் கல்முனை பஸ் நிலையத்தில் நம்மோடு படித்த சித்தி லைலாவைக் கண்டேன். கண்டதும் கேட்டாள், "முடிச்சாச்சா?" நம்முடைய ஊரில் கலியாணமாகாத பொம்புளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கலியாணம். எனக்கு மண்டைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "இன்னும் ஏழு அத்தியாயம் கிடக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யோசிக்காத, அல்லாஹ் நாடினா நல்ல எடமா வரும்" என்றாள்.

உண்மையில் மாட்டிக்கொண்டது ஒன்பதாம் அத்தியாயத்தில். "பொதுமதில்" கதை உனக்குத் தெரியும். உம்மாவின் வளவைப் பிரித்து இரண்டு சகோதரிகளுக்கும் சீதன வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். நடுவில் ஒரு மதில் எழும்புகிறது. மதில் விசயத்தில் கோபித்துக்கொண்டு இரண்டு பேரும் கதைப்பதில்லை. இப்போது மூத்தவள் ராத்தாவுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுத் தங்கச்சி உம்மு தன் வீட்டு வாசல் கேற்றடி வரைக்கும் வந்துவிட்டாள். வந்தவள் அங்கேயே நிற்கிறாள். போவாளா, திரும்பி உள்ளே வருவாளா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல் எப்படி எழுதுவது?

மர்ஷூதா


இறக்காமம்
2023 செப்டம்பர் 26

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தப் பிள்ளையை எத்தனை நாளைக்குக் கேற்றடியில் நிறுத்திவைப்பாய்? கால் கடுக்காதா? ஒரு கதிரையாவது போட்டுக் கொடு.

என் பங்கைச் சொல்கிறேன். நான்கு நாள் குளக்கட்டில் நடந்தேன். ஐந்தாம் நாள் யானையும் நடந்தது. அதற்கும் அந்த நேரம்தான் தோதாம். இப்போது வீட்டு முற்றத்தைச் சுற்றி நடக்கிறேன். கோழிகள் பயந்து முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன. பரீட்சைக்குப் பழைய வினாத்தாள்கள் செய்கிறேன். பஸால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பார்த்துக்கொள்கிறார். "உம்மா படிக்கிறா, சத்தம் போடாதீங்க" என்று அவர் போடுகிற சத்தத்தில் எனக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. ஆனாலும் படிக்கிறேன். எனக்கும் வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, தேங்காய் இருக்கிறது.

அறைக் கதவைச் சாத்திக்கொள். உம்மா கூப்பிட்டால் தொழுகிறாய் என்று நினைத்துப் போய்விடுவா.

களா எத்தனை என்று அடுத்த கடதாசியில் முதல் வரியிலேயே எழுது.

ஜெனூபா


மருதமுனை
2023 அக்டோபர் 30

ஜெனூபா,

முதல் வரியில் எழுதச் சொன்னாய். எழுபதைத் தாண்டிவிட்டது. போதுமா?

களாச் சட்டம் போட்டவளே தொழுகையைச் சாட்டிக் கதவைச் சாத்தச் சொல்கிறாய். நல்ல மார்க்கம். சாத்தியும் பார்த்தேன். உம்மா தட்டவில்லை. கதவுக்கு வெளியே தவணைப் பரீட்சைத் தாள்களைக் கட்டுக்கட்டாய் வைத்துவிட்டுப் போனா. அது உண்மையில் என் வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பின்னத்தை எனக்கு எதிராகப் படித்திருக்கிறார்கள்.

ஸலாம் சொல்ல மறந்துபோனேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்னொரு விசயம். நிந்தவூரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மனைவி மௌத்தானவர். நல்ல மனிதர் என்கிறார்கள், இருக்கலாம். போன வெள்ளிக்கிழமை அவருடைய ராத்தாவும் மச்சியும் வந்தார்கள். வீடு பார்க்கிற சாட்டில் என் அறைக்குள்ளும் வந்தார்கள். மேசையில் என் எழுத்தெல்லாம் அடுக்கிக் கிடந்தது. "என்ன இவ்வளவு கடதாசி?" என்று அந்த ராத்தா கேட்டா. உம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அதுவா, ஸ்கூல் கொப்பி" என்று சொல்லிவிட்டா.

எட்டு வருசம், ஜெனூபா. ஸ்கூல் கொப்பி.

அன்றிலிருந்து ஒரு வரி ஓடவில்லை. இருக்கிறேன், பார்க்கிறேன், எழும்புகிறேன். உம்மு இன்னும் கேற்றடியில்தான். நீ கதிரை போடச் சொன்னது பகிடியாக இருக்கிறது உனக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கடிதத்தையே நான்கு நாளாக எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் கிழித்துப்போடுகிறேன். நீ என் கூட்டாளியா, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்த ஆளா?

மர்ஷூதா


இறக்காமம்
2023 நவம்பர் 12

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மேற்பார்வைக்கு வந்தவள் என்றே வைத்துக்கொள். அப்படி ஒருத்தி இல்லாமல்தான் எட்டு வருசம் போனது.

எழுத முடியாததற்குக் காரணம் எழுதுவதில் உன்னை மிஞ்ச இந்த மாகாணத்தில் ஆள் இல்லை. உன் கடிதம் நன்றாக இருந்தது. உம்மா கதவடியில் தாள் வைத்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கையை நாவலில் வைக்க என்ன கேடு? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். உனக்கு ஆடவும் தெரியும். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்தாலும் கோபி. ஸ்கூல் கொப்பி என்று உம்மா சொன்ன நேரம் நீ பக்கத்தில்தானே நின்றாய்? உனக்கு வாய் இருந்ததுதானே? இல்லை என்று ஒரு சொல் சொன்னாயா? சொல்லவில்லை. அப்படியென்றால் அது ஸ்கூல் கொப்பிதான்.

அடுத்த கிழமை எனக்குப் பரீட்சை. துஆச் செய். களாவைப் பற்றி இந்தத் தரம் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, உனக்காக.

ஜெனூபா


மருதமுனை
2023 நவம்பர் 30

ஜெனூபா,

ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் நாளைக்கு அதற்கும் பாடம் எடுப்பாய். அஸ்ஸலாமு அலைக்கும்.

உனக்கு மனுசன் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ பரீட்சையில் விழுந்தாலும் எழும்பினாலும் சபையில் உனக்கு ஒரு இடம் இருக்கிறது. எனக்கு அந்தக் கடதாசிக் கட்டு மட்டும்தான். அதை உம்மா ஸ்கூல் கொப்பி என்றா. அவவுக்கு எழுத்து ஏறாது, பொறுத்துக்கொண்டேன். நீ தமிழ் டீச்சர். நீயும் அதையே சொன்னாய்.

எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு அந்த நிந்தவூர் மனிதரையே முடிச்சிடலாம் போல இருக்கிறது. எல்லாருக்கும் சந்தோசம். உம்மாவுக்கு, மாமிக்கு, சித்தி லைலாவுக்கு. உனக்கும் தபால் செலவு மிச்சம்.

இனி என்னிடம் கணக்குக் கேட்காதே. பக்கம் கேட்காதே, களா கேட்காதே. போனும் எடுக்காதே, எடுத்தால் நான் தூக்கமாட்டேன். முடிச்சால் முடிச்ச அன்றைக்கு எழுதுகிறேன். இல்லாவிட்டால் இல்லை.

பரீட்சைக்குத் துஆச் செய்தேன். அதில் குறை வைக்கவில்லை.

மர்ஷூதா


மருதமுனை
2024 ஜனவரி 25

ஜெனூபா,

முடிச்சிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

மர்ஷூதா


இறக்காமம்
2024 பெப்ரவரி 5

அன்புள்ள மர்ஷூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாறகல்லாஹ். அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் நன்மையில் சேர்த்து வைக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம்.

இதற்கு மேல் எழுதக்கூடாது என்றுதான் பேனையை எடுத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடதாசி வருவதற்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். இங்கே ஒரு கலியாண வலீமாச் சாப்பாட்டுக்கு உன் றாஹிலா மாமி வந்திருந்தா. சோற்றுக்கு முன்னால் வைத்து, நாலு பேர் கேட்க, "உங்கட கூட்டாளி முடிச்சிட்டாவாமே, ஆருக்கும் தெரியாம. அவ உம்மாட்டச் சொல்லக்குள்ள நான் குசினிக்குள்ளதான் நிண்டன்" என்றா. நான் நம்பவில்லை. அவவோடு சண்டைக்கும் போனேன். "மர்ஷூதா எனக்குச் சொல்லாமல் ஒன்றும் செய்யமாட்டாள்" என்று சொன்னேன். அடுத்த நாள் உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தது.

ஒரு வரி. எட்டு வருசக் கூட்டாளிக்கு.

கோபத்தில் எழுதினாய் என்று நினைத்திருந்தேன், சொன்னபடி செய்துவிட்டாய். நான் கலியாணத்துக்கு எதிரி இல்லை. நானே இரண்டு பிள்ளைக்காரி. ஆனால் அந்த உம்முவைக் கேற்றடியில் அப்படியே விட்டுவிட்டுப் போனாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் போட்டாயா, உண்மையாகவே?

எனக்கும் பெறுபேறு வந்துவிட்டது. இந்த முறையும் தேறவில்லை. முதலில் உனக்குத்தான் எழுத இருந்தேன். எழுதத் தொடங்கி அரைப் பக்கம் போய்விட்டது. அப்போதுதான் உன் வரி வந்தது. பிறகு அதைக் கிழித்துவிட்டேன்.

ஜெனூபா


மருதமுனை
2024 பெப்ரவரி 12

ஜெனூபா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

என்ன நடந்தது என்று கேள். அன்றைக்குக் கடைசி வசனத்தை எழுதினேன். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். உம்மா சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தா. றாஹிலா மாமி வெங்காயம் இரவல் வாங்க வந்து நின்றா. "உம்மா, முடிச்சிட்டன்!" என்று கத்தினேன்.

உம்மாவின் கையிலிருந்து மீன் வழுக்கி விழுந்தது. "ஆரை?" என்று கேட்டா.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் மாமி வெங்காயத்தையும் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டியிருந்தா. பாதிக் கதையோடு இறக்காமம் வரைக்கும் வந்திருக்கிறா.

"நாவலை, உம்மா" என்றேன். உம்மா குனிந்து அந்த மீனை எடுத்துத் திரும்பவும் கழுவினா. "ஒரு நிமிசம் அல்லாஹ்வுக்கு ஷுக்ரு செஞ்சிட்டன் மகள்" என்றா. கலியாணம் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டாவாம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

அப்போதும் நான் அழவில்லை, ஜெனூபா. ஏன் தெரியுமா? இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள், அவள் "ஆரை?" என்று கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். அதனால்தான் ஒரே வரி எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அது உன்னைக் குறைத்து மதிப்பதாகப் பட்டது. மூன்று மாசம் என் பக்கங்களை எண்ணினவள், களாச் சட்டம் போட்டவள், உம்முவுக்குக் கதிரை கேட்டவள். "முடிச்சிட்டேன்" என்றால் உனக்கு எது என்று தெரியாமலா போகும்?

தெரியாமல் போய்விட்டது. ஊர் அப்படி நினைத்தது எனக்குப் பழக்கம். றாஹிலா மாமி நினைத்தது அவவுடைய தொழில். நீயும் மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். உன் மனதில் என் நாவல் முடிகிற ஒரு நாள் இருந்ததே இல்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

நிந்தவூர் மனிதருக்கு டிசம்பரிலேயே வேண்டாம் என்று சொல்லியாச்சு. அந்த ராத்தா திரும்பவும் வந்தா. மேசையைக் காட்டி, "இது ஸ்கூல் கொப்பி இல்ல, நான் எழுதுற நாவல். இது முடியாம நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்று நானே சொன்னேன். உம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நீ எழுதின அந்தக் கொடுமையான வரியால்தான் எனக்கு அந்த வாய் வந்தது. அன்றைக்குப் பின்னேரமே உம்மு கேற்றைத் திறந்துகொண்டு போனாள். இதையெல்லாம் உனக்கு எழுதி நன்றி சொல்ல இருந்தேன்.

உன் பெறுபேறு கேட்டு மனம் உடைந்துபோனேன். ஆனால் அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை.

மர்ஷூதா


இறக்காமம்
2024 பெப்ரவரி 18

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பிழையை றாஹிலா மாமியின் தலையில் கட்டிவிடலாம். நீ முன்னர் கோபத்தில் எழுதின நிந்தவூர் வரியின் தலையிலும் கட்டலாம். பஸால் அப்படித்தான் எழுதச் சொன்னார். நான் எழுதமாட்டேன்.

உன் வரியைப் பார்த்த நேரம் எனக்கு நாவல் ஞாபகத்துக்கே வரவில்லை. நீ சொன்னது சரி. வாயால் கேட்டேன், பக்கம் எண்ணினேன், திட்டினேன். ஆனால் முடியும் என்று மனதால் ஒருநாளும் நம்பவில்லை. நம்பாமல்தான் அவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்கிறேன் போல. நம்புகிறவள் இன்னும் பொறுமையாக இருந்திருப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. பெறுபேறு வந்து நான் விழுந்து கிடந்த நேரம், நீயும் பக்கத்தில் கிடக்கிறாய் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் பரீட்சையில், நீ கேற்றடியில். நீ எழும்பி நடப்பாய் என்று என் மனம் நினைக்க மறுத்தது. கலியாணம் என்றால் தாங்கிக்கொள்ளலாம், ஊரில் எல்லாரும் செய்கிறார்கள். நாவலை முடித்துவிட்டாய் என்றால் நான் மட்டும்தான் மிச்சம். என் பொறாமை எவ்வளவு பெரியது என்று நீ தெரிந்துகொள்.

நாவலை எனக்கு அனுப்புவாயா? கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்.

ஜெனூபா


மருதமுனை
2024 பெப்ரவரி 24

ஜெனூபா,

அஸ்ஸலாமு அலைக்கும். போட்டோக்கொப்பி ஒன்று அனுப்புகிறேன். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் வேறு யாருக்கு அனுப்புவது?

நன்றாக இருக்கிறது என்று எழுதாதே. நீ இனி என்ன புகழ்ந்தாலும் ஈடுகட்டுகிறாய் என்றுதான் எனக்குப் படும். எழுத்துப் பிழை மட்டும் பார்த்து அனுப்பு. தமிழ் டீச்சரிடம் அவ்வளவுதான் கேட்கிறேன்.

மர்ஷூதா


இறக்காமம்
2024 மார்ச் 6

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். திருத்தி அனுப்புகிறேன். ல, ள, ழ மூன்றும் உனக்கு ஒரே உம்மா பெற்ற பிள்ளைகள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கிற கவனம் உனக்கில்லை. சிவப்புப் பேனை ஒன்று தீர்ந்து இன்னொன்று வாங்கினேன்.

கேட்டது பிழைதானே. வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஜெனூபா


மருதமுனை
2024 மார்ச் 11

ஜெனூபா,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்குப் பின்னேரம் பிறை பார்க்கப் போகிறார்கள். உம்மா குசினியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி புடைக்கிறா. என்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கேட்கவும் போகவில்லை.

உன் பொதியை அவிழ்த்துப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் பக்கத்திலேயே ஆட்டை அறுத்துப் போட்ட மாதிரி இருந்தது. வட்டம், கோடு, கேள்விக்குறி. "மதில்" என்பதை ஓரிடத்தில் "மதிழ்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு நீ மூன்று வட்டம் போட்டிருக்கிறாய், ஒன்று போதாதா? ஆறாம் அத்தியாயத்தின் ஓரத்தில் "வெட்கம்" என்று வேறு எழுதி வைத்திருக்கிறாய். நான் கேட்டது பிழை திருத்தம், பிரம்படி இல்லை.

வாசித்துக்கொண்டு போனேன். பதின்மூன்றாம் அத்தியாயம் வந்தது. ராத்தா கட்டிலில் கிடந்துகொண்டு, மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம். அங்கே "கூப்பிட்டாள்" என்று வரவேண்டிய இடத்தில் "கூப்பிட்டால்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின பக்கத்தில் இதே பிழைக்கு நீ வட்டம் போட்டிருக்கிறாய். அதற்கு முந்தின பக்கத்திலும் போட்டிருக்கிறாய். இதற்குப் போடவில்லை.

கை தவறியிருக்கும் என்று நினைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கடைசிப் பக்கம் வரை ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை.

அந்த அத்தியாயத்திலிருந்து பிழையில்லாமல் எழுதிவிட்டேனோ என்று ஒரு நிமிசம் பெருமைப்பட்டேன். திரும்ப இருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அல்லாஹ்வே, முந்தின அத்தியாயங்களை விட இந்தக் கடைசி அத்தியாயங்களில்தான் பிழை மலிந்து கிடக்கிறது. அவசரமாக எழுதினது. வாசலைக் கூட்டாமல் விட்ட மாதிரிக் கிடக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளையும் பிடிக்கும். நீ ஒன்றையும் பிடிக்கவில்லை.

அந்த இடத்திலிருந்து நீ சிவப்புப் பேனையை மறந்துவிட்டு வாசித்திருக்கிறாய். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரியட்டும்.

அதிபர் சேவைக்கு அடுத்த விண்ணப்பம் எப்போது என்று எழுது. எழுதமாட்டேன் என்று நீ சொன்னால் நான் இறக்காமத்துக்கே வந்து உன் வீட்டுக் கதவடியில் வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாய் வைப்பேன். நீ தேறுவாய். இதை நம்பித்தான் சொல்கிறேன்.

மிச்சப் பிழைகளை நானே தேடித் திருத்திக்கொள்கிறேன். நீ அவற்றைக் காணாமல் விட்டதுக்கு அல்லாஹ் உனக்குப் பறக்கத் செய்யட்டும்.

மர்ஷூதா